தண்ணீருக்கு மேலே மட்டும் ஓடும் எஞ்சின்

“தண்ணி உள்ள போயிருக்கு. வாரண்டியில வராது.”

காக்களூரில் ஒரு சர்வீஸ் கொட்டகையில் நின்று இதைக் கேட்டேன். என் காலடியில், பழைய டயர் ஒன்றின் மேல், அண்ணனுடைய படகு எஞ்சின் கிடந்தது. சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். சர்வீஸ்காரர் மறுபடியும் அதையேதான் சொன்னார்.

“சார், இது போட்டு எஞ்சின்.”

“தெரியும் சிஸ்டர்.”

“போட்டு தண்ணியிலதான சார் ஓடும்?”

“தண்ணி மேல ஓட்டுறதுக்குத்தான் எஞ்சின். தண்ணிக்குள்ள ஓட்டுறதுக்கு இல்ல.”

சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. குடைக்குக் கேரண்டி கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தால் செல்லாது என்று சொல்வதுபோல் இருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க வேறு செய்கிறார்கள்.

நான் சும்மா கூடப்போன ஆள் இல்லை. அத்தை வீட்டில், மணவாள நகரில், இரண்டு வருடம் தங்கி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பைக்குக்கு வேண்டிய சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் கம்பெனி. என் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்த ஆள், “மெக்கானிக்கா?” என்று புருவத்தைத் தூக்கிவிட்டு, பாரத்தில் ‘பேக்கிங்’ என்று எழுதினார். பதினாறு வருடம் ஆகிறது. இன்னும் பேக்கிங்தான். பாகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன். கீறல் இல்லையென்றால் பெட்டியில் அடுக்குவேன். படித்த படிப்பு என் ஸ்கூட்டருக்கும் அண்ணியின் மிக்ஸிக்கும் மட்டும்தான் உதவிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். என் வீடும் அண்ணன் வீடும் ஒரே சுவர். கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை. ஷிப்டு முடித்து அங்கேயே தங்கிவிட்டு வாரக் கடைசியில் வருவார். அண்ணன் இறாலுக்கும் மடவை மீனுக்கும் வலை போடுகிறான். அதுவரை டீசல் எஞ்சின் வைத்து ஓட்டியவன், அந்த வருடம்தான் படகின் பின்னால் மாட்டுகிற புது பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியிருந்தான். வந்து ஏழு மாதம். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அண்ணி மடித்துப் பீரோவின் மேல் வைத்திருந்தாள்.

கார்த்திகை மழை விட்டு இரண்டாம் நாள். நான் முதல் ஷிப்டு முடிந்து நாலு மணிக்கு வந்தபோது வாசலில் கூட்டம். அண்ணன் ஈரத் துண்டோடு குந்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பகல் பன்னிரண்டு மணி வாக்கில், வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது காற்று பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்துவிட்டது. ஏரியில் அந்த இடத்தில் மார்பளவு தண்ணீர்தான். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து நிமிர்த்தி இழுத்துவந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் மட்டும் ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கிடந்திருக்கிறது.

இப்போது அது வாசலில், கோணிமேல், மாலை வெயிலில் கிடந்தது. எங்கள் சித்தப்பா கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். ஊரிலேயே முதலில் எஞ்சின் படகு வாங்கியவர் என்பதால் எஞ்சின் விஷயத்தில் அவர் பேச்சுதான் எடுபடும்.

“அப்டியே வெயில்ல கெடக்கட்டும். ரெண்டு நாள் காஞ்சா தன்னால கெளம்பும்.”

“சித்தப்பா, உப்புத்தண்ணி போன எஞ்சின். காத்து பட பட உள்ள துரு ஏறும்” என்றேன். “இப்பவே நல்ல தண்ணில கழுவி, உள்ள இருக்கற தண்ணிய எடுக்கணும். இல்லனா திரும்ப தண்ணிக்குள்ளயே போட்டு வெக்கறது மேலு.”

எல்லோரும் சிரித்தார்கள். முழுகி எடுத்ததைத் திரும்ப முழுக வைக்கச் சொல்கிறாளாம்! ஆனால் விஷயம் அதுதான். உடனே பிரிக்க வழியில்லையென்றால், ஈரத்தோடு காற்றில் கிடப்பதைவிட தண்ணீருக்குள் கிடப்பது இரும்புக்கு நல்லது. முதல் வருடப் பாடம்.

அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “எஞ்சின் ஓடிக்கினு இருக்கும்போதே முழுகிச்சாணா?”

“இல்லம்மே. சைடுல தூக்கி அட்ச்சிது பாரு, எஞ்சின் கைப்புடிய புட்ச்சேன், அதுவும் நிக்கல. ஆனா நான் தண்ணில உழறதுக்கு முன்னியே சத்தம் நின்னுட்ச்சி.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓடும்போதே தண்ணீரை உறிஞ்சியிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கும். நின்ற பிறகு முழுகியதால் பிழைக்க வழியிருக்கிறது. ஏன் முன்பே நின்றது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையில் என் முட்டாள்தனம் அது.

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்தேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“தொறக்காத. வாரண்டி கீது. போன் பண்ணிக் கேட்டேன், எதையும் தொறக்கக் கூடாதுன்னுட்டான். நாளைக்கு காக்களூர் எட்த்தாரச் சொன்னான்.”

“நாளைக்குள்ள உள்ள எல்லாம் புடிச்சிக்கும்ணா.”

“பேஜாரு பண்ணாத. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்கா தெரியும்?”

பதினாறு வருடமாக நானும் கம்பெனிக்காரிதான். அதை யாரிடம் சொல்வது?

மறுநாள் லீவு போட்டேன். குட்டி யானை வண்டியில் எஞ்சினைக் கட்டி ஏற்றி, முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, காக்களூர் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மீதியையும் சொல்கிறேன். அந்த சர்வீஸ்காரர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளில் ஒன்றை எடுத்து, வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை இரண்டு முறை இழுத்தார். பிளக்கின் முனையில் பொறி வரவில்லை. அவ்வளவுதான். இரண்டே இழுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு, “கரண்ட் வரல. சி.டி.ஐ. பெட்டி போயிடுச்சு. மாத்தணும்” என்றார். சி.டி.ஐ. என்பது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. எஞ்சினில் விலை கூடிய சாமான்களில் அதுவும் ஒன்று. வயரைப் பார்த்தாரா? இல்லை. இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தாரா? அதுவும் இல்லை.

“பெட்டி வர பத்து நாள் ஆகும்.”

“அதுவரைக்கும் எஞ்சின் சார்?” என்றேன்.

“இங்கயே இருக்கட்டும்.”

“கழுவி வெப்பீங்களா? கார்புரேட்டர்ல உப்புத்தண்ணி நிக்குது. சிலிண்டர்லயும் இருக்கும்.”

அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். அதுவரை நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணனைப் பார்த்துத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“யூடியூப்ல பாத்தீங்களா சிஸ்டர்?”

“ஐ.டி.ஐ.யில படிச்சேன்.”

“ஓ. நல்லது. நீங்க அந்தாண்ட சேர் இருக்கு, உக்காருங்க. சார்கிட்ட பேசிக்கிறேன்.”

நான் உட்காரவில்லை. அதற்குள் ஒரு தாளை அண்ணன் முன்னால் தள்ளி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எட்டிப் படிப்பதற்குள் அண்ணன் போட்டுவிட்டான். பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். தண்ணீரில் மூழ்கியதால் சி.டி.ஐ. பழுது, வாடிக்கையாளரின் கவனக்குறைவு, வாரண்டி பொருந்தாது. கவனக்குறைவாம்! காற்று அடித்ததும், ஆள் தண்ணீரில் விழுந்ததும், நாலு பேர் மார்பளவு தண்ணீரில் நின்று படகை நிமிர்த்தியதும் கவனக்குறைவு.

“எஞ்சின ஏத்துணா” என்றேன்.

“இன்னா சொல்ற நீ?”

“இங்க பத்து நாள் கெடந்தா பெட்டி மட்டும் இல்ல, மொத்த எஞ்சினும் போய்டும். ஏத்து.”

அண்ணன் ஏற்றினான். ஊர் திரும்பும் வளைவில்தான் வாயைத் திறந்தான். “உன் வாயால அதுவும் போச்சி.” டிரைவர் எனக்காகச் சங்கடப்பட்டு ஹாரன் அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டது. இனித் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? அண்ணனும் தடுக்கவில்லை. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் தண்ணீர் வேண்டும். இதில்தான் எனக்கு அடுத்த கோபம். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வருகிறது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. என் கம்பெனியில் காலிப் பெட்டிகளைக் கழுவ, மணிக்கணக்கில் நல்ல தண்ணீரைக் குழாயில் பீய்ச்சுவார்கள். அரை மணி நேரப் பயண தூரம். அங்கே பெட்டி குளிக்கிறது, இங்கே ஆள் குளிக்க யோசிக்கிறான். எஞ்சினைக் கழுவ நல்ல தண்ணீர் என்று எப்படி வாயைத் திறந்து கேட்பது?

கேட்கவில்லை. அண்ணி உள்ளே போனாள். சமையலுக்கு வைத்திருந்த இரண்டு குடத்தையும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ‘ணங்’ என்று வைத்தாள்.

“நாளைக்கு லாரி வரும். நீ கழுவு” என்றாள்.

சித்தப்பா தன் வீட்டு வாசலிலிருந்து எழுந்துவந்தார். “பொம்பள கை வெச்ச எஞ்சின மாட்டிக்கினு எவன்டா தொழிலுக்குப் போவான்?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். எங்கள் பக்கம் பெண்கள் வலையைத் தாண்டக் கூடாது, படகில் கால் வைக்கக் கூடாது. பிடித்துவந்த மீனை ஆய்வது, கூடையில் சுமப்பது, சந்தையில் கூவி விற்பது, வலைக்குக் கிழிசல் பார்ப்பது, இதற்கெல்லாம் பொம்பளை கை ஆகும். ஸ்பேனர் பிடித்தால் மட்டும் தீட்டு. நான் மேல்மூடியைக் கழற்றினேன்.

மூடிக்குள் பாசியும் மணலும் ஒட்டியிருந்தன. மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இரண்டு பிளக்கையும் கழற்றி, எஞ்சினை அந்த ஓட்டைகள் தரையைப் பார்க்கும்படி சாய்த்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல, மிக மெல்ல இழுத்தேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சியது. காப்பித் தண்ணீர் நிறம். அந்த நிறம்தான் துரு. நேற்று நாலு மணிக்குத் திறந்திருந்தால் அது வெறும் தண்ணீராக வந்திருக்கும். அண்ணனுக்குக் காட்டினேன்.

தண்ணீர் நிற்கும்வரை இழுத்தேன். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தேன், உள்ளே பூசிக்கொள்ளட்டும் என்று. பெட்ரோலைக் காற்றோடு கலந்து உள்ளே அனுப்பும் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தால் மோர் மாதிரி வெள்ளையாக ஏதோ வழிந்தது. பெட்ரோலும் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் கலந்தது. பிரித்து, புது பெட்ரோலில் கழுவி, துளைகளை ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். டேங்கில் இருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தேன். மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதையும் மாற்றியாயிற்று. பிளக்குகளை அண்ணி கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்து வாட்டிக் கொண்டுவந்தாள், அப்பளம் சுடுகிற மாதிரி.

நாலு மணி தாண்டியிருக்கும். பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் வைத்து, கயிற்றை இழுத்தேன். பொறி இல்லை. இரண்டாவது பிளக். அதிலும் இல்லை. கறுப்புப் பெட்டிக்குப் போகும் இணைப்புகளையெல்லாம் பிரித்து, பச்சை பிடித்திருந்ததைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, மாட்டினேன். இழுத்தேன். இல்லை. கை கொப்பளிக்கும்வரை இழுத்தேன். இல்லை.

“அவன் சொன்னான் இல்ல?” என்றான் அண்ணன். திட்டவில்லை, களைப்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, “கழுவுறதுக்குப் பாத்திரமா அது?” என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த சர்வீஸ்காரர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் என்னைத் தின்றது. இரண்டே இழுப்பில், வயரைத் தொடாமல், சிரித்துக்கொண்டே சொன்ன ஆள் சரி. மத்தியானத்திலிருந்து தண்ணீரும் பெட்ரோலுமாக உட்கார்ந்த நான் தப்பு. அப்படி இருந்துவிட்டால் இந்த ஊரில் நான் ஸ்பேனரை இனிக் கையால் தொட முடியாது.

அப்போதுதான் அண்ணன் நேற்றுச் சொன்னது திரும்ப ஞாபகம் வந்தது. நான் தண்ணில உழறதுக்கு முன்னியே சத்தம் நின்னுட்ச்சி. ஏன் நின்றது? தண்ணீர் இன்னும் எஞ்சினைத் தொடவே இல்லையே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை யார் நிறுத்தினார்கள்?

எங்கள் கம்பெனியில் ஒருமுறை கன்வேயர் திடீரென்று நின்றுபோனது. பாதி ஷிப்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். இரண்டு இன்ஜினியர்கள் மின்பெட்டியைத் திறந்து வயர் வயராகப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால், ஆபத்துக்கு நிறுத்துவதற்கென்று ஓரத்தில் வைத்திருக்கும் சிவப்புப் பொத்தானை யாரோ அடுக்கிய பெட்டி ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. அது அமுங்கியிருந்தால் மொத்த வரிசைக்கும் கரண்ட் கிடையாது.

எழுந்துபோய் எஞ்சினின் முன்பக்கம் பார்த்தேன். நிறுத்தும் பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது.

“ணா, இங்க ஒரு செவப்புக் கயிறு தொங்குமே. முனையில பிளாஸ்டிக் கிளிப்பு. அது எங்க?”

அண்ணன் குனிந்து பார்த்தான். “அதா... வாங்கும்போது கையில மாட்டிக்கச் சொன்னான். வலை இஸ்க்கும்போது தடுக்குதுன்னு கைப்புடியிலயே சுத்தி வெச்சிருந்தேன்.” கைப்பிடியைத் தடவிப் பார்த்தான். “கைப்புடிய புட்ச்சேன் இல்ல... அதோட பிச்சிக்கினு போயிருக்கும்.”

அதுதான். ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க வேண்டும் என்று வைத்திருக்கும் கிளிப் அது. பொத்தானின் கழுத்தில் செருகியிருக்கும். உருவிக்கொண்டு வந்தால் பொத்தான் அமுங்கும், பொறி நிற்கும். எஞ்சின் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தது. ஓடும்போது தண்ணீர் குடிக்காமல் பிழைத்ததும் அதனால்தான். கிளிப் திரும்ப வரும்வரை பொறி கொடுக்க மாட்டேன் என்று நின்றதும் அதனால்தான். பெட்டிக்கு ஒரு கேடும் இல்லை.

வலை பின்னும் நைலான் நூலை எடுத்துவந்தேன். பொத்தானை வெளியே இழுத்துப் பிடித்து, அதன் கழுத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பிளக்கை வைத்து இழுத்தேன். ‘டிக்’கென்று நீலப் பொறி. பகல் வெளிச்சத்திலும் தெரிந்தது. நான் கத்தியேவிட்டேன்.

பிளக்குகளை மாட்டி, ஒரு மரத் தாங்கியில் எஞ்சினை மாட்டி நிறுத்தி, அதன் கால் முழுகும்படி நீல டிரம்மில் உப்புத் தண்ணீரே நிரப்பி வைத்தோம். அண்ணன் இழுத்தான். பத்து, பதினைந்து. இருமியது. நின்றது. மறுபடி இருமியது. இருபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. பிறகு குபுகுபுவென்று வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. தெருவே புகை. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரம்மில் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. அரை மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இருந்த ஈரமெல்லாம் போகட்டும் என்று நின்றேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்குக் கோபம் ஆறியிருக்கும். புகை அடங்குவதற்குள் சித்தப்பா அண்ணனிடம் கேட்டார்: “எப்டிடா கெளம்புச்சி?”

அண்ணன் சொன்னான்: “காக்களூர்ல பாத்தான் இல்ல, அவன் ஏதோ பண்ணிட்டுத்தான் வுட்டிருக்கான் போல.”

நான் அங்கேயே, மூன்றடி தூரத்தில், முழங்கைவரை கறுப்போடு நின்றுகொண்டிருந்தேன். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சித்தப்பா முன்னால் தங்கச்சி சரிசெய்தாள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அது தெரிந்துதான் இன்னும் வலித்தது. கையைக் கழுவாமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் சர்வீஸுக்குப் போன் போட்டேன். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கிளிப்தான் இல்லை, எஞ்சின் ஓடுகிறது என்றேன். அந்தப் பக்கம் துளிக்கூடத் தயங்கவில்லை.

“ஓ, கிளிப்பா? அதை மொதல்லயே பாக்கணும் சிஸ்டர்.”

யார் பார்க்க வேண்டும்? அவர் பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை என்று என்னிடமே சொல்கிறார். போனை வைத்ததும் அடுத்த வாரத்துக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் அங்கே இருக்கிறது. பெட்டி பழுது, கவனக்குறைவு, அண்ணன் கையெழுத்து. நாளைக்கு எஞ்சினுக்கு வேறு ஏதாவது வந்தாலும் அதைக் காட்டித் துரத்துவார்கள். அதை மாற்றாமல் விடுவதில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அண்ணனிடம் என்ன சொன்னாளோ, லீவன்று காலையில் அவனே சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

கொட்டகையில் அதே ஆள். நான் விஷயத்தைச் சொன்னேன். எழுதினதை மாற்ற முடியாது என்றார். மேலாளர் இல்லை என்றார். அப்புறம் வரச் சொன்னார். நான் அந்தாண்ட இருந்த நாற்காலியை அவர் மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முன்பு உட்காரச் சொன்ன அதே நாற்காலிதான். “மேனேஜர் வர்ற வரைக்கும் இருக்கேன் சார். இன்னைக்கு எனக்கு வேற வேலை இல்ல” என்றேன். மூன்று வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். வந்த ஒவ்வொருவரும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து, நிதானமாக, கிளிப் உட்படச் சொன்னேன். மூன்றாவது ஆள் கிளம்பியதும் சர்வீஸ்காரர் பேனாவை எடுத்தார்.

“சரி, யார் சரி பண்ணாங்கன்னு எழுதணும். மெக்கானிக் பேரு?” என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தான். “ஊர்ல... நம்ம ஆளு ஒருத்தர்” என்றான்.

“நான்தான்” என்றேன். “எழுதுங்க.”

எழுதினார். பழையதை அடித்து, கிளிப் இல்லை, எஞ்சினில் பழுது இல்லை என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினார், ஓர் எழுத்தைத் தப்பாக. திருத்தச் சொன்னேன். திருத்தினார். ஒரு புது சிவப்புக் கிளிப்பும் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி அண்ணன் எனக்குப் பால் அதிகமாகப் போட்டு டீ சொன்னான். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அவனுக்கு. நான் குடித்தேன். கோபம் கோபமாகவே இருந்தது.

இப்போது அண்ணன் அந்தக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறான். எஞ்சினுக்கு ஒன்றும் வரவில்லை. கம்பெனியில் மெயின்டனன்ஸுக்கு மாற்றக் கேட்டு, ஐ.டி.ஐ. சர்டிபிகேட் நகலோடு இரண்டாவது முறையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். “பேக்கிங்குக்கு உங்கள மாதிரி கண்ணு யாருக்கும்மா இருக்கு?” என்கிறார் மேலாளர். பாராட்டாம்.

ஊரில் விஷயம் தெரியாமல் இல்லை. சில பேர் எஞ்சின் சாமான்களை என்னிடம் கொடுத்தனுப்புகிறார்கள். நேரில் வராமல், வீட்டுப் பெண்கள் கையில். போன மாதம் ஓர் அக்கா ஒரு கார்புரேட்டரைக் காய்கறிப் பைக்குள் போட்டு எடுத்துவந்தார். “அவரு குடுத்தாருன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா” என்றார்.

முன்பு வந்த இரண்டையும் ஒன்றும் பேசாமல் சரிசெய்து கொடுத்திருந்தேன். இதைப் பையோடு திருப்பிக் கொடுத்தேன்.

“ஓட்டுறவரையே எட்த்துக்கினு வரச் சொல்லுக்கா. கழுவி, ஊதி, சும்மாவே பண்ணித் தரேன். ஆனா அவரு வரணும்.”

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. இருந்தாலும் பையை மறுபடி வாங்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை. எஞ்சினைப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் தொழிலுக்குப் போகவில்லை. தெருவில் எதிரே வந்தால் இப்போது ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நான் ஸ்கூட்டரை ஓரம் கட்டி அவருக்கு வழிவிடுவதில்லை.